மஞ்சள் வீரன் யாருடைய மகன்

எல்லாருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? முழங்கால், முதுகு, தூக்கம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? இங்கே மலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது வயசினால் இல்லை, சூப் ஜாடியினால். ஆனால் இன்றைக்கு நான் தோளைப் பற்றிப் பேச வரவில்லை. போன மாசம் ஒரு சனிக்கிழமை எங்கள் கோட்டையில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கோட்டை என்றால் நிஜக் கோட்டை இல்லை. பிஜன் ஃபோர்ஜ் பெரிய சாலையில், பான்கேக் கடையைத் தாண்டினதும் சிமெண்டில் கட்டி நிற்கிறதே, ஆல்டர்மியர் கோட்டை, அது. சாப்பாடு போட்டுக்கொண்டே குதிரைச் சண்டை நாடகம் காட்டுகிற அரங்கம். உள்ளே மணல் களம், சுற்றிலும் ஆறு நிறத்தில் ஆறு பகுதி இருக்கைகள். எந்த நிறத்தில் உட்காருகிறீர்களோ அந்த நிற வீரன் உங்கள் ஆள். அவன் குதிரைமேல் ஈட்டியோடு பாயும்போது நீங்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டும், கோழியைக் கையாலேயே பிய்த்துச் சாப்பிட வேண்டும். முள்கரண்டி தரமாட்டோம், ஏனென்றால் அந்தக் காலத்தில் முள்கரண்டி கிடையாதாம். தக்காளி சூப்பும் உருளைக்கிழங்கும் ஐஸ் போட்ட கோலாவும் மட்டும் அந்தக் காலத்தில் தாராளமாகக் கிடைத்ததாக்கும். என் பெயர் வெர்னா ஓகிள். மஞ்சள் பகுதியில் பரிமாறுகிறவள். களத்தில் யார் விழுந்தாலும் யார் செத்தாலும் என் வேலை சூப் ஊற்றுவது.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விளக்கு அணைந்ததும் கூரையிலிருந்து ஒரு பதிவுக் குரல் முழங்கும்: "உயர்குடியில் பிறந்த ஆறு வீரர்கள் இன்று மோதுகிறார்கள்." உடனே மன்னர் எழுந்து, இளவரசிதான் தனக்கு ஒரே பிள்ளை என்றும், ஜெயிப்பவனுக்கு அவள் கையைக் கொடுப்பேன் என்றும் சொல்வார். சரி. ஜனங்கள் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் மஞ்சள் வீரன் வாசலில் வருவான். கூரை மறுபடி முழங்கும்: "இதோ, மன்னரின் சொந்த மகன், தெற்குச் சீமையின் இளவரசன்." அப்புறம் அந்தச் சொந்த மகன் மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து ஈட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கைக்காகப் போட்டி போடுவான்.

இது ஒன்றுதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். பச்சை வீரன் துரோகி என்று தெரிந்து தலையை வாங்கிவிடுவார்கள். கடைசி ஊர்வலத்தில் அதே பச்சை வீரன் தலையோடு கையசைத்துக்கொண்டு வருவான். மந்திரவாதி முதல் பாதியிலேயே எரிந்து சாம்பலாகிவிடுவார். இடைவேளையில் அவரே கடையில் நின்று மின்னும் வாள் விற்பார். இதையெல்லாம் ஜனங்கள் மன்னரிடம் போய்க் கேட்க முடியாது, பரிமாறுகிறவளிடம்தான் கேட்பார்கள். பச்சைக்கு நான் ஒரு இரட்டைப் பிறவித் தம்பியை வைத்திருக்கிறேன். மந்திரவாதியைக் கேட்டால், சாம்பலிலிருந்து திரும்பி வரத் தெரியாதவன் என்ன மந்திரவாதி என்று திருப்பிக் கேட்பேன். மஞ்சளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?" என்பேன். அதற்கு அப்போது என்னிடம் பதிலே இல்லை. மஞ்சள் எப்படியும் ஜெயிக்கப் போவதில்லை, அதனால் யாரும் விடாப்பிடியாகக் கேட்டதும் இல்லை.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. முதலாளிகள் கதையை மூன்று தடவை மாற்றினார்கள். முதல் கதையில் இளவரசியே கிடையாது, காணாமல் போன மகன்தான் கதை. அப்புறம் ஜனங்களுக்கு இளவரசி வேண்டும் என்று ஒருத்தியைச் சேர்த்தார்கள். பழைய குரலை அப்படியே விட்டுவிட்டார்கள். ஏன் வெட்டவில்லை என்றால், குரலும் இசையும் விளக்கும் ஒரே தொடராக ஓடுகிறது, குதிரைகள் அதைக் கேட்டுத்தான் பழகியிருக்கின்றன. எந்த முரசுக்கு நிற்க வேண்டும், எந்த எக்காளத்துக்கு ஓட வேண்டும் என்று நடிகர்கள் மறந்தாலும் குதிரைகள் மறப்பதில்லை. ஒரு வரியை எடுத்தால் ஆறு குதிரையும் ஆறு திசையில் போகும்.

இப்போது ரூடிக்கு வருகிறேன். ரூடி மேப்பிள்ஸ்தான் அப்போது எங்கள் மஞ்சள் வீரன். நாற்பதைத் தாண்டியவன், எங்கள் வீரர்களிலேயே மூத்தவன், ஒரு முழங்கால் போய்விட்டது. மனைவிக்கு கென்டக்கியில் வேலை கிடைத்து, அங்கே போய்க் குதிரைகளுக்கு லாடம் அடிப்பதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் கடைசி ஆட்டம். எங்கள் கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைத்தது இல்லை: விட்டுப் போகிற வீரன் கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பான். சிவப்பு ஜெயித்திருக்கிறது, நீலம் ஜெயித்திருக்கிறது, தலை போன பச்சைகூட ஒரு தடவை ஜெயித்திருக்கிறது. மஞ்சளிலிருந்து மட்டும் யாரும் விட்டுப் போனதில்லை. போகிறவர்களை அதற்கு முன்பே வேறு நிறத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

ரூடி மாறவில்லை. காரணம் வாஃபிள். வாஃபிள் அவனுடைய குதிரை, தேன் நிறம், வெள்ளைப் பிடரி. ஒரு தடவை வாஃபிளுக்கு நீலத் துணியைப் போர்த்தி நீல முனையில் நிறுத்தினார்கள். மஞ்சளுக்கான எக்காளம் ஒலித்ததும் அது நீல வீரனைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் முனைக்குப் போய் நின்றுகொண்டது. அதோடு விட்டுவிட்டார்கள். ஆக ரூடி ஒன்பது வருஷமாக மஞ்சளிலேயே இருந்தான், ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசிச் சுற்றில் விழுந்தான். விழுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. நீண்ட எக்காளம் ஊதும், ஈட்டி படும், துணி காற்றில் பறப்பதுபோல் அவன் மணலுக்கு வருவான். வாஃபிள் தனியாக வாசல் பக்கம் போய்விடும்.

சனிக்கிழமை மத்தியானம் ஊழியர் அறையில் எல்லாரும் எங்கள் ஊர் மெத்தென்ற ரொட்டி பிஸ்கட்டும் கிரேவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேனேஜர் கர்ட்டிஸ் வேலி வந்து ரூடிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ரூடி, நீ ஜெயிக்க வேண்டாம்னு நான் சொல்லலை," என்றான். "ஆனா நீ ஜெயிச்சா தங்கச்சியைக் கட்டிக்கணும். இன்னிக்கு மஞ்சள்ல யாரு உக்காரப் போறாங்க தெரியுமா? அலபாமாலேருந்து சர்ச் கோஷ்டி. ரெண்டு பஸ்."

"ஒன்பது வருஷமா விழறேன் கர்ட்டிஸ். ஒரே ஒரு தடவை குதிரைமேல உக்காந்தபடியே முடிச்சுக்கறேன்னு கேக்கறேன்."

"சிவப்பைப் போட்டுக்கிட்டு ஜெயியேன்."

"வாஃபிள்கிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

ரூடி தட்டைத் தள்ளி வைத்தான். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவன். ஆனால் அவன் கிரேவியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

மன்னராக நடிக்கிற ஹோய்ட் தாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நான் வேணா இளவரசி தத்துப் பிள்ளைன்னு சொல்லிடறேனே," என்றான்.

இளவரசியாக வருகிற டெஸ் நிமிர்ந்தாள். "என்னை எதுக்கு தத்து ஆக்கறீங்க? சொந்த மகன் குதிரைமேல உக்காந்திருக்கறப்ப தத்துப் பிள்ளைக்கு எவன் ராஜ்யம் கொடுப்பான்? எனக்கு ராஜ்யமும் கிடையாது, ஒண்ணும் கிடையாதுன்னா அந்த ஆறு பேரும் எதுக்கு அடிச்சுக்கறாங்க?"

"அந்த வரி வர்றப்ப ஹோய்ட் பெருசா இருமட்டும்," என்றாள் நடீன். அவள்தான் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒலியும் விளக்கும் பார்க்கிறவள்.

"நான் இருமினா கூரைக்குக் கேக்குமா? நீதானே அந்தக் குரலை அவ்வளவு சத்தமா வெச்சிருக்கே."

கர்ட்டிஸ் எழுந்தான். "சரி, ஒண்ணு பண்ணுங்க. பதிவைத் தொடாம, இவன் அண்ணன் இல்லைன்னு அந்த ஜனங்களை நம்ப வைங்க. மஞ்சள் பகுதி மேஜையைத் தட்டிச்சுன்னா ஜெயிக்கட்டும். முணுமுணுத்தாங்கன்னா வழக்கம்போல விழுந்துடணும். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவன் போனதும் எல்லாரும் தட்டைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேசாமல் இருக்க வராது, உங்களுக்கே தெரிந்திருக்கும்.

"ஒரே பிள்ளைன்னு ராஜா சொல்றாரு," என்றேன். "சொந்த மகன்னு கூரை சொல்லுது. ரெண்டு பேருமே பொய் சொல்லலைன்னு வெச்சுக்குவோம்."

"அது எப்படி மிஸ் வெர்னா?" என்றான் ரூடி.

"கூரைன்னா என்ன? ஊர் வாய். ஊருக்கு இவன் மகன். ராஜாவுக்கு மட்டும் இவன் தன் மகன் இல்லைன்னு தெரியும். பிள்ளை பிறந்த அன்னிக்கே போயிடுச்சு. வேற ஒரு பிள்ளையை யாரோ தொட்டில்ல போட்டுட்டாங்க. ராஜா கண்டுபிடிச்சுட்டாரு, வெளிய சொல்லலை. அதனாலதான் வாய் தவறி ஒரே பிள்ளைங்கறாரு."

ஹோய்ட் தாடியைக் கையில் எடுத்தான். "ஏய், இது நல்லாயிருக்கே. பத்து வருஷமா நான் ஏன் அப்படிச் சொல்றேன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது."

"யாரு தொட்டில்ல போட்டாங்க?" என்றாள் டெஸ்.

"தொட்டில் ஆட்டினவதான். வேற யாரு?"

"அவ வந்து சொல்லணுமே. யாரு வர்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் காபி இயந்திரம்தான் இருந்தது.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் சூப் ஊத்தறவ. மணல்ல காலே வெச்சதில்லை."

"நீங்க உடைகூட மாத்த வேண்டாம் மிஸ் வெர்னா," என்றான் ரூடி. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் தள்ளி வைத்த தட்டை மறுபடி கிட்டே இழுத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

சாயங்காலம் அலபாமா கோஷ்டி வந்தது. என் மேஜைகள் நிரம்பி வழிந்தன. முன்வரிசையில் ஊதாத் தொப்பி வைத்த ஒரு அம்மா, கோட்டையை விலைக்கு வாங்க வந்தவள்போல் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் ஆரம்பித்தது. உயர்குடி வீரர்கள் என்று கூரை சொன்னது, ஒரே பிள்ளை என்று ஹோய்ட் சொன்னான். அடுத்து ரூடி வாஃபிள்மேல் வந்தான். கூரை, மன்னரின் சொந்த மகன் என்றது. தொப்பிக்காரம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, இப்பதானே அந்த ராஜா ஒரே பிள்ளைன்னாரு?"

"ஆமா சீமாட்டி." நாங்கள் எல்லாரையும் சீமாட்டி, பிரபு என்றுதான் கூப்பிட வேண்டும்.

"அப்ப இது யாரு?"

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"

"சூப் இருக்கட்டும், பதில் சொல்லு. இவன் ஜெயிச்சா கூடப் பிறந்தவளையா கட்டிக்குவான்?"

"பொறுத்துப் பாருங்க சீமாட்டி. இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுடும்."

அவள் பக்கத்து மேஜையிடம் சொன்னாள். அந்த மேஜை அடுத்த மேஜையிடம் சொன்னது. ரூடி களத்தில் தொங்கவிட்ட வளையங்களை ஈட்டியில் கோத்து எடுத்துக்கொண்டு வந்தபோது எங்கள் பகுதியில் அரைகுறையாகத்தான் கை தட்டினார்கள். சிவப்புப் பகுதி கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. என் கவனம் ஜாடியில் இல்லை. ஒரு பிரபுவின் மடியில் சூப் சிந்திவிட்டேன், அவர் பெரிய மனசு பண்ணி ஒன்றும் சொல்லவில்லை.

பச்சைக்குத் தலை போயிற்று. ஒவ்வொருவராக விழுந்து, கடைசிச் சுற்றுக்கு வழக்கம்போலச் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சினார்கள். சிவப்பு வீரன் கோடி, நல்ல பையன், ரூடிக்காக விழத் தயாராக இருந்தான். இரண்டு பேரும் தடுப்பு வேலியின் இரண்டு முனையிலும் போய் நின்றார்கள். அந்த இடத்தில் மன்னர் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்ளலாம், பின்னால் முரசு மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஹோய்ட் எழுந்து என் பக்கம் பார்த்தான். நான் வாசலைத் தாண்டி மணலில் காலை வைத்தேன்.

மணல் இவ்வளவு இழுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கையில் சூப் ஜாடியோடு வந்திருக்கிறேன் என்று பார்த்தேன். கீழே வைக்கவும் முடியாது, மத்தியானத்திலிருந்து மனப்பாடம் செய்த வரிகள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. ஆனால் சத்தம் போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ராஜா, நான் பேசணும்."

"யாரங்கே?" என்றான் ஹோய்ட். "சூப்பா?"

ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது.

"சூப் இல்ல ராஜா. உங்க வீட்டுத் தொட்டில் ஆட்டினவ. உங்க பிள்ளை பிறந்த அன்னிக்கே கண்ணை மூடிடுச்சு. ராணியம்மா முழிச்சுப் பாத்தா உசிரை விட்டுடுவாங்கன்னு பயந்தேன். மாவு ஆலைக்காரன் வீட்டுல ஒரு பிள்ளை பிறந்திருந்துச்சு. ஏழு பிள்ளைக்கு மேல எட்டாவது. கொண்டாந்து தொட்டில்ல போட்டேன். அதோ குதிரைமேல உக்காந்திருக்கானே, அவன் உங்க மகன் இல்ல."

ஹோய்ட் மெதுவாக உட்கார்ந்தான். அவன் அவ்வளவு நன்றாக நடிப்பான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"தெரியுமா ராஜா?"

"அவன் மூக்கு எங்க வம்சத்து மூக்கு இல்ல. ஆனா வளத்துட்டேனே, எப்படிச் சொல்றது? ஊர் அவனை என் மகன்னு கூவறப்பல்லாம் சும்மா இருந்துடுவேன். ஆனா எனக்கு எத்தனை பிள்ளைன்னு வர்றப்ப, ஒண்ணுதான்னு வாய் தவறி வந்துடும்."

தொப்பிக்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப அவன் அண்ணன் இல்ல," என்றாள், களம் முழுக்கக் கேட்கும்படி.

"இல்ல சீமாட்டி," என்றேன்.

"கட்டிக்கலாம்."

"தாராளமாக் கட்டிக்கலாம்."

அவள் உள்ளங்கையால் மேஜையை ஓங்கி அடித்தாள். அவ்வளவுதான். இரண்டு பஸ் ஜனமும் மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. தட்டுகள் குதித்தன, கோழி எலும்புகள் உருண்டன. படிக்கட்டின் உச்சியில் கர்ட்டிஸ் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான், ஜெயிக்கட்டும் என்று.

எனக்கு மூச்சு வாங்கியது. வந்த வழியே திரும்பி வாசலுக்குப் போய் ஓரமாக நின்றுகொண்டேன். முதல் ஓட்டத்தில் இரண்டு ஈட்டியும் உடைந்தன, அது எப்போதும் நடப்பதுதான். இரண்டாவது ஓட்டத்தில்தான் கோடி விழ வேண்டும். குதிரைகள் கிளம்பின. மணல் பறந்தது. மஞ்சள் பகுதி ரூடி ரூடி என்று கத்தியது, அவன் பெயர் கதையில் ரூடியே இல்லை, எங்கிருந்து தெரிந்துகொண்டார்களோ.

நீண்ட எக்காளம் ஊதியது.

குதிரைகளோடு சாப்பிட்டுக் குதிரைகளோடு வாழ்கிற நாங்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை, பாருங்கள். கூரையை எப்படிச் சமாளிப்பது என்று மத்தியானம் முழுக்க யோசித்தோமே, வாஃபிளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அந்த எக்காளம் ஊதினால் முதுகில் இருப்பவன் விழுவான், தன் வேலை முடிந்தது, வாசலில் ஓட்ஸ் வாளி காத்திருக்கிறது. ஒன்பது வருஷமாக வாஃபிளுக்குத் தெரிந்த கதை அது. பாதி ஓட்டத்தில் அது வேகத்தைக் குறைத்தது. முதுகில் இருப்பவன் இன்னும் விழவில்லையே என்று ஒரு நொடி யோசித்தது. அப்புறம், அவன் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன என்று வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ரூடி கடிவாளத்தை இழுக்கிறான், அது போய்க்கொண்டே இருக்கிறது. கோடி ஈட்டியை நீட்டிக்கொண்டு யாருமே இல்லாத இடத்தைக் குத்திக்கொண்டு போனான்.

"ஓடறானே," என்று யாரோ கத்தினார்கள்.

"கல்யாணம்னதும் பயந்துட்டானா?" என்றாள் தொப்பிக்காரம்மா.

வாஃபிள் நேராக என்னைப் பார்த்து வந்தது. தினமும் ஆட்டத்துக்கு முன்னால் நான் அதற்கு ஒரு பெப்பர்மிண்ட் கொடுப்பேன், ஏப்ரனில் எப்போதும் இருக்கும். என் பக்கத்தில் வந்ததும் நின்றது, மூக்கை ஏப்ரன் பைக்குள் விட்டது. நான் ஒன்றை எடுத்துக் காட்டி, கொடுக்காமல், களத்துக்குள் பின்னோக்கி நடந்தேன். வாஃபிள் ஓட்ஸை மறந்துவிட்டு என் பின்னால் வந்தது.

"பாருங்க," என்றான் ஹோய்ட், மைக்கில். "குதிரைக்குக்கூட அவனை வளத்தவ யாருன்னு தெரியுது."

மேஜைகள் மறுபடி அதிர்ந்தன. ரூடி மேலிருந்து குனிந்தான். "மிஸ் வெர்னா, மஞ்சள் முனைக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்ப ஒரு தடவை ஓடிடறேன்."

"கல்யாணப் பாட்டு ஆரம்பிச்சுடுச்சேடா ராசா. அடுத்தது ஊர்வலப் பாட்டு. அது வந்துச்சுன்னா எல்லாக் குதிரையும் களத்துக்குள்ள வந்துடும்."

"தெரியும்," என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஹெல்மெட்டுக்குள் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. கடிவாளத்தைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. அது வழக்கமாக விழுவதற்குத் தயாராகத் தளர்ந்திருக்கும், அன்றைக்கு முறுக்கிப் பிடித்திருந்தது.

நான் மேலே கண்ணாடி அறையைப் பார்த்தேன். நடீனுக்கு அங்கே எல்லாப் பதிவையும் நிறுத்துகிற ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. தீப்பிடித்தால் ஒழியத் தொடக்கூடாது என்று அதன்மேல் கர்ட்டிஸ் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறான். நடீன் என்னைப் பார்த்தாள், ரூடியைப் பார்த்தாள், படிக்கட்டில் நின்ற கர்ட்டிஸைப் பார்க்கவே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டாள்.

பாட்டு பாதியில் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த அரங்கத்தை நான் அமைதியாகக் கேட்டதே இல்லை. ஐஸ் இயந்திரம் எங்கேயோ உறுமியது. ஒரு குழந்தை ஏதோ கேட்டது, அதன் அம்மா அதை அடக்கினாள். மஞ்சள் முனையில் வாஃபிள் நின்றது, காது இரண்டும் முன்னும் பின்னும் தேடின. இங்கே ஓடு, அங்கே நில், இப்போது போ என்று அதற்குச் சொல்ல எதுவுமே இல்லை. நான் பெப்பர்மிண்டைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். ரூடி அதன் கழுத்தின்மேல் குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகு கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்.

வாஃபிள் பாய்ந்தது.

வெறும் குளம்புச் சத்தம். மணலில் குளம்பு விழுகிற சத்தம் நெஞ்சுக்குள் விழும் என்று அதுவரை எனக்குத் தெரியாது, எப்போதும் பாட்டு அதை மூடியிருந்தது. எதிரே கோடியின் குதிரை, பாட்டில்லாமல் தயங்கித் தயங்கி வந்தது. ஜனங்கள் கத்தவில்லை, எல்லாரும் எழுந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஈட்டி கேடயத்தில் பட்டு உடைந்த சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கோடி விழுந்தான். பாவம், அவனுக்கு ரூடி மாதிரி விழத் தெரியாது, மூட்டை விழுவதுபோல் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தான்.

ரூடியின் கால் பழக்கத்தில் சேணத்தின் கால் வளையத்திலிருந்து நழுவப் பார்த்தது. நான் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தே விட்டான். வாஃபிளின் பிடரியைப் பிடித்து நிமிர்ந்துகொண்டான். களத்தின் முனைவரை போய்த் திரும்பி நின்றான், குதிரைமேல் உட்கார்ந்தபடியே.

அப்புறம் எழுந்த சத்தத்தை நான் எப்படி எழுதுவது? சிவப்புப் பகுதிகூடக் கத்தியது. தொப்பிக்காரம்மா தொப்பியைக் கழற்றி மணலில் வீசிவிட்டாள். ரூடிக்கு ஜெயித்தவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றே ஞாபகம் வரவில்லை, கோடிதான் தரையில் உட்கார்ந்தபடி மெதுவாக, "இளவரசிகிட்டப் போ" என்று கை காட்டினான்.

அவன் டெஸ் முன்னால் போய் ஹெல்மெட்டைக் கழற்றினான். அந்தச் சமயம் பார்த்து நீலப் பகுதியிலிருந்து ஒரு ஆள் எழுந்தான்.

"உயர்குடியில பிறந்தவங்களுக்குத்தானே இந்தப் போட்டி? ஆலைக்காரன் பிள்ளை எப்படிச் சேரலாம்?"

அரங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது. சூப் ஊற்றட்டுமா என்று கேட்க அவன் ரொம்ப தூரத்தில் இருந்தான்.

டெஸ் எழுந்தாள். "ஆலைக்காரன் வீடுன்னா மாவு நிறைய இருக்கும்ல?" என்றாள். "எனக்கு ரொட்டின்னா உசிரு." கையை நீட்டினாள்.

நீலப் பகுதி ஆளும் உட்கார்ந்து மேஜையைத் தட்டினான்.

ரூடி கென்டக்கிக்குப் போய்விட்டான். போகும்போது எல்லாரையும் கட்டிக்கொண்டான், வாஃபிளிடம்தான் ரொம்ப நேரம் நின்றான். இப்போது கோடிதான் மஞ்சள். முதல் நாள் எக்காளத்துக்கு வாஃபிள் நகரவே இல்லை, அமைதியாக ஆகும்வரை காத்துக்கொண்டு நின்றது. அதனால் நடீன் தினமும் அந்த இடத்தில் பாட்டை நிறுத்துகிறாள், கர்ட்டிஸும் பொத்தான்மேல் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிட்டான். மஞ்சளும் சில நாள் ஜெயிக்கிறது. நான் தினமும் மணலில் இறங்குகிறேன், அதனால்தான் தோள் இப்படி ஆகியிருக்கிறது, ஜாடியை விடக்கூடாது என்று ஹோய்ட் பிடிவாதம். இப்போது ஜனங்கள் புதிதாகக் கேட்கிறார்கள்: ராஜாவுக்கு முன்பே தெரியும் என்றால் நீ எதற்கு வந்து சொன்னாய், பிள்ளையை மாற்றினவளுக்குத் தண்டனை கிடையாதா, அதற்குப் பதில் சூப் வேலையா? அது தண்டனைதான் சீமாட்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நல்ல பதில் கிடைக்கும்.

நீங்களும் கூத்து, நாடகம், சர்க்கஸ் என்று எத்தனையோ பார்த்திருப்பீர்கள். செத்தவன் திரும்பி வந்தது, அண்ணன் மாமனாக மாறினது, எதையாவது பார்த்து இது எப்படி என்று பக்கத்து ஆளைக் கேட்டிருப்பீர்கள். என்ன ஓட்டை, யாரைக் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். முக்கியமாகப் பதிலை எழுதுங்கள், எனக்கு வேலைக்கு ஆகும்.